உயிர்வேதியியல்: வரிசை மனப்பாடம், மாட்டைப் பார்த்தால் ஒன்றும் ஓடவில்லை. எப்படிப் படிப்பது?

முதலாண்டு_மாணவன்:

எல்லோருக்கும் வணக்கம். கால்நடை மருத்துவம் முதல் ஆண்டு படிக்கிறேன். உடற்கூறியல் பரவாயில்லை, கண்ணால் பார்க்கலாம், கையால் தொட்டுப் பார்க்கலாம். உயிர்வேதியியல்தான் படுத்துகிறது. கிளைக்காலிசிஸின் (குளுக்கோஸ் உடைந்து பைருவேட் ஆகும் பாதை) 10 படிகளையும் நொதிப் பெயரோடு ஒப்பித்துவிடுவேன், அசிட்டைல் கோஏவை எரிக்கும் கிரெப்ஸ் சுழற்சியைத் தூக்கத்தில் எழுப்பினாலும் வரைந்து காட்டுவேன். ஆனால் "கன்று ஈன்று மூன்று வாரமான மாடு தீவனம் எடுக்காமல் நிற்கிறது, அதன் கல்லீரலில் இப்போது என்ன நடக்கிறது" என்று கேட்டால் வாயே திறக்க மாட்டேன்.

இதில் குறிப்பாக ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். புத்தகம் கொழுப்பு அமிலத்திலிருந்து விலங்கு உடல் குளுக்கோஸ் உண்டாக்க முடியாது என்று அடித்துச் சொல்கிறது. அதே புத்தகம் ஐம்பது பக்கம் தள்ளி, மாட்டுக்கு வேண்டிய குளுக்கோஸில் பெரும்பகுதி ரூமனில் (தீவனம் புளிக்கும் முதல் வயிறு) உண்டாகும் கொழுப்பு அமிலத்திலிருந்து வருகிறது என்கிறது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? வகுப்பில் கேட்டேன், "அது ஆவியாகும் கொழுப்பு அமிலம், வேறு" என்று பதில் வந்தது. ஆவியானால் என்ன, ஆகாவிட்டால் என்ன, எனக்கு அது விளக்கமாகத் தெரியவில்லை.

அப்புறம் பொதுவான கேள்வி ஒன்று. இதில் எதை மனப்பாடம் செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம்? பாடமெல்லாம் மனித உடலை நடுவில் வைத்து எழுதியிருக்கிறது. நாய், பூனை, குதிரை, கோழி என்று தனித்தனியாக எல்லாவற்றையும் படிக்க ஆரம்பித்தால் ஆயுள் போதாது போலிருக்கிறதே.


தொழுவத்து_வைத்தியர்:

தம்பி, நீங்கள் மாட்டிக்கொண்டு நிற்கும் இடம் நல்ல இடம். அந்த ஒரு முடிச்சை அவிழ்த்தால் அசைபோடும் விலங்குகளின் பாதி வளர்சிதை மாற்றம் தானாகப் புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆவியாவதை மறந்துவிடுங்கள், கார்பனை எண்ணுங்கள். நீண்ட கொழுப்பு அமிலம் உடைந்தால் இரண்டு கார்பன் கொண்ட அசிட்டைல் கோஏ கிடைக்கிறது. அது மறுபடி பைருவேட் ஆக முடியாது, அந்தப் படி ஒருவழிப் பாதை. சரி, கிரெப்ஸ் சுழற்சி வழியாகப் போய் ஆக்சலோ அசிட்டேட் (சுழற்சியின் கடைசி நான்கு கார்பன் பொருள்) ஆகி அங்கிருந்து குளுக்கோஸ் ஆகலாமே என்றால், இரண்டு கார்பன் உள்ளே வந்தால் அந்தச் சுற்றிலேயே இரண்டு கார்பன் கார்பன் டை ஆக்சைடாக வெளியே போய்விடுகிறது. கணக்கில் மிச்சம் எதுவும் இல்லை. புத்தகம் முதலில் சொன்னது இதைத்தான்.

ரூமனில் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது முக்கியமாக மூன்று அமிலங்கள்: அசிட்டேட்டில் இரண்டு கார்பன், புரோப்பியோனேட்டில் மூன்று, பியூட்டிரேட்டில் நான்கு. நார்த்தீவனம் தின்னும் மாட்டில் அசிட்டேட் கிட்டத்தட்ட 65 முதல் 70 சதவீதம், புரோப்பியோனேட் 20 சுற்றி, மீதி பெரும்பாலும் பியூட்டிரேட். அசிட்டேட்டும் பியூட்டிரேட்டும் அசிட்டைல் கோஏ வழிதான், அதனால் அவற்றிலிருந்து குளுக்கோஸ் கிடையாது. புரோப்பியோனேட் மட்டும் தனி ஆள். அதன் மூன்று கார்பனோடு இன்னொன்று சேர்ந்து நான்காகி, மெத்தில்மலோனைல் கோஏ ஆகி, பிறகு சக்சினைல் கோஏ ஆகிச் சுழற்சியின் நடுவில் நுழைகிறது. கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் இரண்டு படிகளையும் தாண்டிய பிறகு நுழைவதால் இழப்பு இல்லை. அங்கிருந்து ஆக்சலோ அசிட்டேட், அடுத்து பாஸ்போஈனால் பைருவேட், கடைசியில் குளுக்கோஸ். ஆக உங்கள் புத்தகத்தின் முதல் வாக்கியம் இரட்டைப்படை கார்பன் உள்ள கொழுப்பு அமிலத்துக்கு, இரண்டாவது மூன்று கார்பன் உள்ளதற்கு. இரண்டும் சரி.

இந்த வழியில் இரண்டு வைட்டமின் உட்கார்ந்திருக்கிறது. முதல் படிக்கு பயோட்டின், சக்சினைல் கோஏ ஆகும் படிக்கு பி12. பி12-ஐ மாடும் ஆடும் தீவனத்திலிருந்து எடுப்பதில்லை, ரூமன் நுண்ணுயிர்கள் செய்து கொடுக்கின்றன, அதற்கு அவற்றுக்குக் கோபால்ட் வேண்டும். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் சில பகுதிகளில் ஆடு மாடுகள் புல் நிறைந்த மேய்ச்சல் நிலத்திலேயே இளைத்துச் செத்துக்கொண்டிருந்தன. மண்ணில் கோபால்ட் இல்லாததுதான் காரணம் என்று 1930களில்தான் தெரிந்தது. வயிறு நிறைந்திருந்தும் புரோப்பியோனேட்டைக் குளுக்கோஸாக மாற்ற முடியாத விலங்கு அது. இப்படி ஒரு நோயோடு சேர்த்துப் படித்தால் மெத்தில்மலோனைல் கோஏ என்ற பெயர் ஆயுளுக்கும் மறக்காது.

இனி உங்கள் கன்று ஈன்ற மாடு. ஒரு லிட்டர் பாலில் ஏறக்குறைய 48 கிராம் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை, இருக்கிறது. 30 லிட்டர் கறக்கும் மாடு லாக்டோஸ் மட்டுமே 1.4 கிலோவுக்கு மேல் தினமும் வெளியே கொடுக்கிறது. லாக்டோஸின் பாதியான கேலக்டோஸும் குளுக்கோஸிலிருந்துதான், அதோடு மடியின் மற்ற செலவுகளையும் சேர்த்தால் நாளுக்கு 2 கிலோ குளுக்கோஸைத் தாண்டிவிடும். குடலிலிருந்து நேரடியாக வருவது சொற்பம், தின்ற மாவுச்சத்தில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் முன்பே புளிக்க வைத்துவிடுகின்றன. எனவே மொத்தச் சுமையும் கல்லீரல் மேல். நாயில் சாப்பிட்ட பிறகு கல்லீரல் குளுக்கோஸ் கட்டுவதைக் குறைக்கும். மாட்டில் நேர் எதிர், தின்னத் தின்ன அதிகமாகக் கட்டும், ஏனென்றால் அப்போதுதான் புரோப்பியோனேட் வந்து சேர்கிறது.

ஈன்ற முதல் வாரங்களில் பால் வேகமாக ஏறுகிறது, பசி அந்த வேகத்தில் ஏறுவதில்லை. மடி குளுக்கோஸ் எடுக்க இன்சுலினை எதிர்பார்ப்பதும் இல்லை, அது பாட்டுக்கு எடுத்துக்கொண்டே இருக்கும். இன்சுலின் குறைந்ததும் உடல் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்கு வருகிறது, அசிட்டைல் கோஏ மலையாகக் குவிகிறது. அதைச் சுழற்சிக்குள் ஏற்ற ஆக்சலோ அசிட்டேட் வேண்டும். அதைத்தான் கல்லீரல் குளுக்கோஸ் கட்ட இழுத்துக்கொண்டிருக்கிறதே! மிஞ்சிய அசிட்டைல் கோஏ கீட்டோனாக மாறுகிறது. ரத்தத்தில் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் என்ற கீட்டோன் லிட்டருக்கு 1.2 மில்லிமோல் தாண்டினால் வெளியே தெரியாத கீட்டோசிஸ் என்று பொதுவாக வைத்துக்கொள்கிறோம். கொஞ்சம் கொழுப்பு கல்லீரலிலேயே படிந்தும் விடுகிறது.

சிகிச்சையும் இதே படத்திலிருந்து வருகிறது. 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்தான்) 500 மில்லி நரம்பில் ஏற்றினால் உள்ளே போவது 250 கிராம். மேலே சொன்ன 2 கிலோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டு மூன்று மணி நேரத்துக்குத்தான் வரும், அதிலும் கொஞ்சம் சிறுநீரில் போய்விடும். மாடு தலை நிமிர்ந்து பார்க்கும், சாயங்காலம் மறுபடி சோர்ந்துவிடும். அதனால்தான் வாய்வழியாக புரோப்பிலீன் கிளைக்காலும் சேர்த்து சில நாட்களுக்குக் கொடுக்கிறோம். அதில் ஒரு பகுதி ரூமனில் புரோப்பியோனேட் ஆகிறது, மீதி அப்படியே கல்லீரலுக்குப் போய் பைருவேட் வழியாகக் குளுக்கோஸ் ஆகிறது. மூலப்பொருளைக் கொடுத்து ஆலையை ஓட வைக்கிற வேலை இது. சினையின் கடைசி வாரங்களில் வயிற்றில் இரண்டு மூன்று குட்டி வைத்திருக்கும் ஆடு படுத்துக்கொள்வதும் இதே கதைதான், அங்கே மடிக்குப் பதில் கரு இழுக்கிறது.

என் கருத்து இதுதான்: பாதையைப் பாதையாகப் படிக்காதீர்கள். "இந்த விலங்குக்குக் குளுக்கோஸ் எங்கிருந்து வருகிறது, யார் செலவழிக்கிறார்கள்" என்ற கேள்வியை ஒவ்வொரு விலங்கிடமும் கேளுங்கள். பெயர்கள் தேவைப்படும்போது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.


மனப்பாடக்_கட்சி:

தொழுவத்து வைத்தியர் எழுதியது அருமை, ஆனால் கடைசி வரியை ஏற்க மாட்டேன். பெயர்கள் தானாக வந்து ஒட்டாது. ஆக்சலோ அசிட்டேட் என்றால் என்ன, எங்கே இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் மேலே உள்ள பதிலே புரியும். கேள்வி கேட்டவர் முதலில் ஒப்பித்ததால்தான் அந்த முரண்பாடே அவர் கண்ணில் பட்டது. மனப்பாடத்தைக் கேவலமாகப் பேசுவது மூத்தவர்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது.

ஆனால் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, அதுவும் உண்மை. கிளைக்காலிசிஸில் திரும்ப முடியாத மூன்று படிகள்: ஹெக்சோகைனேஸ், பாஸ்போபிரக்டோகைனேஸ், பைருவேட் கைனேஸ். அவற்றைச் சுற்றிக்கொண்டு எதிர்த்திசையில் வரும் நான்கு நொதிகள்: பைருவேட் கார்பாக்சிலேஸ், பாஸ்போஈனால் பைருவேட் கார்பாக்சிகைனேஸ், பிரக்டோஸ் பிஸ்பாஸ்பட்டேஸ், குளுக்கோஸ் 6 பாஸ்பட்டேஸ். இந்த ஏழும் கண்ணை மூடினால் வர வேண்டும், ஏனென்றால் இன்சுலின், குளுக்ககான், பட்டினி எல்லாம் கை வைப்பது பெரும்பாலும் இங்கேதான். மற்ற படிகளில் வரிசை தெரிந்தால் போதும். மூலக்கூறு வடிவங்களைத் தேர்வில் கேட்டால் மட்டும் வரையப் பழகுங்கள்.

படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் வரையுங்கள். பார்த்து வரைவது வெறும் கைப்பயிற்சி. வரைந்த பிறகு எந்தப் படியில் எந்த நச்சு அல்லது குறைபாடு உட்காருகிறது என்று சிவப்புப் பேனாவால் குறியுங்கள். தயமின் (வைட்டமின் பி1) இல்லாவிட்டால் பைருவேட் அசிட்டைல் கோஏ ஆகாது, குளுக்கோஸை நம்பியிருக்கும் மூளை முதலில் அடிவாங்குகிறது, ஆடு மாட்டில் பார்வை போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த மூளை நோய் வருகிறது. புளோரோ அசிட்டேட் நஞ்சு கிரெப்ஸ் சுழற்சியின் அகோனிட்டேஸ் நொதியை நிறுத்துகிறது. இளஞ்சோளப் பயிரைத் தின்ற மாட்டில் சயனைடு கடைசி இடத்தில், ஆக்சிஜனைப் பயன்படுத்தும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் நொதியில் உட்காருகிறது, ஆக்சிஜனைத் திசு எடுக்க முடியாததால் சிரை ரத்தமும் பளிச்சென்று சிவப்பாக இருக்கும். தாள் சிவப்பாகும்போது பாடமும் முடிந்துவிடும்.


பூனைப்_பிரிவு:

முதலில் ஒரு சின்னத் திருத்தம். கொழுப்பு என்பது கொழுப்பு அமிலம் மட்டும் இல்லை, கூடவே கிளிசராலும் இருக்கிறது. கிளிசரால் தாராளமாகக் குளுக்கோஸ் ஆகும். பட்டினி கிடக்கும் எந்த விலங்கிலும் இது ஓடும். வாய்மொழித் தேர்வில் இந்த இடத்தில் மடக்குவார்கள், கவனம்.

மாட்டை ஒரு முனையில் வைத்தால் பூனையை மறுமுனையில் வையுங்கள். வேடிக்கை என்னவென்றால் இரண்டுமே நாள் முழுக்கக் கல்லீரலில் குளுக்கோஸ் கட்டிக்கொண்டே இருப்பவை. மாடு புரோப்பியோனேட்டிலிருந்து, பூனை அமினோ அமிலத்திலிருந்து. பூனையின் கல்லீரலில், நிறையக் குளுக்கோஸ் வரும்போது அதைப் பிடித்துக்கொள்ளும் குளுக்கோகைனேஸ் நொதியின் வேலை மிகக் குறைவு, ஒரேயடியாக வரும் மாவுச்சத்தைச் சமாளிக்கும் ஏற்பாடு இல்லை. புரதம் உடைக்கும் நொதிகளையும் பூனையால் போதிய அளவு குறைத்துக்கொள்ள முடியாது. நாய்க்குப் புரதம் குறைந்த உணவு கொடுத்தால் அது சிக்கனமாகிவிடும், பூனை தன் தசையையே செலவழிக்கும்.

புரதம் அவ்வளவு எரிந்தால் அம்மோனியாவும் அவ்வளவு வரும், அதை யூரியாவாக்கி வெளியேற்றும் யூரியா சுழற்சி தடைபடக் கூடாது. அந்தச் சுழற்சிக்கு வேண்டிய ஆர்னித்தினைப் பூனையின் குடல் போதுமான அளவு செய்வதில்லை, உணவில் வரும் ஆர்ஜினைனை நம்பியிருக்கிறது. ஆர்ஜினைன் இல்லாத ஒரே ஒரு வேளை உணவு கொடுத்தாலே சில மணி நேரத்தில் பூனைக்கு அம்மோனியா ஏறி வாந்தி, நடுக்கம் வருகிறது என்று 1978-இல் காட்டினார்கள். ஒரு வேளை! யூரியா சுழற்சியை வறட்டுப் பாடம் என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

டாரின் என்ற அமினோ அமிலத்தின் கதையும் அப்படித்தான். பூனை அதைச் சொற்பமாகவே செய்கிறது, ஆனால் பித்த அமிலத்தோடு சேர்க்க அதற்கு டாரின் மட்டும்தான் வேண்டும், அதனால் தினமும் கொஞ்சம் மலத்தோடு போய்க்கொண்டே இருக்கிறது. குறைந்தால் விழித்திரை கெடும். இதயத் தசை தளர்ந்து விரிவதும் இதனால்தான் என்று 1987-இல் தெரிந்த பிறகு பூனை உணவுகளில் டாரின் அளவை உயர்த்தினார்கள், அந்த நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது.

பாராசிட்டமால் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பூனையின் கல்லீரல் குளுகுரோனைடு சேர்த்து மருந்தை வெளியேற்றுவதில் மிக மோசம். மாத்திரை வேறு வழியில் திரும்பி நச்சுப்பொருளாகிறது, அந்த நச்சை முறிக்கும் குளுட்டத்தயோன் தீர்ந்துபோகிறது, ஹீமோகுளோபின் ஆக்சிஜன் சுமக்காத மெத்தீமோகுளோபின் ஆகிறது. ஈறு பழுப்பாக, முகம் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு வரும். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் செய்வது குளுட்டத்தயோன் கட்டத் தேவையான சிஸ்டீனைக் கொடுப்பது, அவ்வளவுதான். வளர்ப்பவர் அன்போடு கொடுத்த அரை மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

எல்லா விலங்கையும் தனித்தனியாகப் படிக்கத் தேவையில்லை. மாடு, பூனை இரண்டையும் நன்றாகப் படித்துவிட்டு நாயை நடுவில் வையுங்கள். குதிரைக்குப் புளிக்கும் இடம் குடலின் பின்பகுதி, அதனால் மாவுச்சத்து முதலில் சிறுகுடலில் குளுக்கோஸாகவே உள்ளே போகிறது. கோழிக்கு ரத்தக் குளுக்கோஸ் சாதாரணமாகவே டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல், புரதக் கழிவாக அது வெளியேற்றுவதும் பாலூட்டிகள் போல யூரியா அல்ல, யூரிக் அமிலம். அந்த அளவுக்குப் போதும்.


ஆய்வகத்து_ஆள்:

ஒரு விஷயம் மட்டும். பாடம் ரத்தம் எடுத்து வைக்கும் சோதனைக் குழாயிலேயே நடக்கிறது. எடுத்த ரத்தத்தைச் சீரம் பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால் குளுக்கோஸ் மணிக்கு ஏறக்குறைய 5 முதல் 10 சதவீதம் குறையும், ஏனென்றால் சிவப்பணுவுக்குக் கிரெப்ஸ் சுழற்சி ஓடும் மைட்டோகாண்ட்ரியா கிடையாது, கிளைக்காலிசிஸை மட்டும் நம்பித் தின்றுகொண்டே இருக்கும். குளுக்கோஸுக்கென்று புளோரைடு போட்ட குழாய் வைத்திருப்பது அதற்குத்தான், புளோரைடு ஈனோலேஸ் நொதியை நிறுத்துகிறது. நீங்கள் ஒப்பிக்கும் ஒன்பதாவது படி. மதியம் அனுப்பிய மாதிரியில் "குளுக்கோஸ் 20" என்று வந்தால் நாய்க்கு வலிப்பு வருமோ என்று பயப்படுவதற்கு முன் எந்தக் குழாயில் எடுத்தீர்கள் என்று பாருங்கள். அந்த நொதி வரிசையில் கடைசியான பைருவேட் கைனேஸ் பிறவியிலேயே குறைந்த பசென்ஜி நாய்களுக்குச் சிவப்பணு சீக்கிரம் உடைந்து ரத்தசோகை வருவதும் இதே காரணத்தால்தான்.

ரத்தத்தில் பார்க்கும் ஏஎல்டி, ஜிஎல்டிஎச், ஜிஜிடி, ஏஎல்பி போன்ற நொதி அளவுகளையும் விலங்கைப் பார்க்காமல் படிக்காதீர்கள். ஏஎல்டி நாய், பூனையில் கல்லீரலைச் சொல்லும், மாட்டிலும் குதிரையிலும் கல்லீரலில் அது மிகக் குறைவு, அங்கே ஜிஎல்டிஎச், ஜிஜிடி பார்க்க வேண்டும். நாயில் ஸ்டீராய்டு கொடுத்தாலே ஏஎல்பி ஏறும். பூனையில் ஏஎல்பி ரத்தத்தில் தங்கும் நேரமே குறைவு, அதனால் கொஞ்சம் ஏறினாலும் அலட்சியம் வேண்டாம்.


முதலாண்டு_மாணவன்:

அனைவருக்கும் நன்றி. கார்பன் எண்ணியதும் எல்லாம் விளங்கிவிட்டது, புரோப்பியோனேட் பாதையை வெற்றுத்தாளில் வரைந்து பார்த்தேன், வந்தது. மனப்பாடக் கட்சி சொன்ன ஏழு நொதிகளும் மேசைக்கு மேல் ஒட்டியாகிவிட்டது.

இன்னொரு சந்தேகம். பிறந்த கன்றுக்கு ரூமன் வேலை செய்யாதே, அப்போது அதை மாடு பக்கம் வைப்பதா, நாய் பக்கம் வைப்பதா? சோர்ந்த கன்றுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார், அது சரியா?


தொழுவத்து_வைத்தியர்:

கன்று தற்காலிகமாக ஒற்றை வயிற்று விலங்கு. பால் உறிஞ்சும்போது உணவுக்குழாய்ப் பள்ளம் மூடிக்கொண்டு பாலை ரூமனைத் தாண்டி நேரே நான்காவது வயிற்றுக்கு அனுப்பிவிடும். அங்கிருந்து குடலுக்குப் போய் லாக்டோஸ் உடைந்து குளுக்கோஸும் கேலக்டோஸுமாக உறிஞ்சப்படும். அதனால் ரத்தக் குளுக்கோஸும் பெரிய மாட்டைவிட உயரமாக இருக்கும், ரூமன் வளர வளர இறங்கும். ரூமனை வளர்ப்பதும் பால் இல்லை, கன்று கொறிக்கும் அடர் தீவனம் புளித்து வரும் அமிலங்கள், முக்கியமாக பியூட்டிரேட். அதுதான் உட்சுவரில் விரல் போன்ற மடிப்புகளை வளர்க்கிறது.

சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். கன்றின் குடலில் வீட்டுச் சர்க்கரையை உடைக்கும் சுக்ரேஸ் நொதி இல்லை, பெரிதானாலும் வராது. வீட்டுச் சர்க்கரை உடையாமல் குடலின் பின்பகுதிக்குப் போய் நீரை இழுத்துக் கழிச்சலை இன்னும் கூட்டும், ஏற்கெனவே கழிச்சலில் கிடக்கும் கன்றாக இருந்தால் கேட்கவே வேண்டாம். குளுக்கோஸ், சோடியம் இரண்டும் உள்ள வாய்வழிக் கரைசல்தான் சரி, சோடியத்தைக் குளுக்கோஸ் தன்னோடு சேர்த்து உள்ளே இழுத்துவரும், தண்ணீர் பின்னாலேயே வரும். பாலையும் நிறுத்தாதீர்கள், கரைசலில் இருக்கும் சக்தி ஒரு கன்றுக்கு ஒரு நாளைக்குக்கூடக் காணாது.